எத்தனை முறை ரீஃப்ரெஷ் செய்தாலும்…

கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் திரையின் காலி இடத்தில் மவுஸின் வலது பொத்தானை அழுத்தி, ‘ரீஃப்ரெஷ்’ என்பதை நாலைந்து தடவை தட்டிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவது பலருக்கு வழக்கம். ப்ரவுசிங் சென்டர் காலத்தில் பக்கத்து நாற்காலிக்காரரைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. இப்போது அப்பாவைப் பார்த்துப் பிள்ளைகளும் செய்கிறார்கள். அந்தப் பொத்தான் செய்வது ஒரே வேலைதான்: திரையில் இருக்கும் ஐகான்களின் பட்டியலை மறுபடி படித்து மறுபடி வரைகிறது. புதிதாகச் சேமித்த கோப்பு கண்ணில் படாமல் இருந்தால் பட வைக்கும். நினைவகத்தைக் காலி செய்யாது. புராஸசரின் வேகத்தைக் கூட்டாது. பத்து முறை தட்டினால் பத்து முறை வரையும், அவ்வளவே.

ரீஃப்ரெஷ்ஷால் நஷ்டம் ஒன்றுமில்லை. ஆனால் லேப்டாப்பைப் பற்றி நாம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் வைத்தியங்கள் எல்லாம் அப்படி அல்ல. அவற்றில் பல, ஒரு காலத்தில் உண்மையிலேயே சரியாக இருந்தவை. உள்ளே இருக்கும் பொருள் மாறிவிட்டது, வைத்தியம் மட்டும் மாறாமல் வாய்வழியாக வந்துகொண்டிருக்கிறது. அதனால் பேட்டரி கெடுகிறது, சில நேரம் காசும் போகிறது.

எளிதான ஒன்றிலிருந்து தொடங்கலாம். ராத்திரி ஷட் டவுன் கொடுத்தால் கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் மறந்துவிட்டு மறுநாள் புதிதாக எழும் என்றுதான் நினைக்கிறோம். 2012-இல் விண்டோஸ் 8 வரும் வரைக்கும் அது உண்மை. அந்தப் பதிப்பில் மைக்ரோசாஃப்ட் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்றொரு ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. இது இயங்கும் லேப்டாப்பில் ஷட் டவுன் கொடுத்தால், நீங்கள் திறந்து வைத்த செயலிகள் மூடப்படும். அவற்றுக்கு அடியில் ஓடும் கெர்னலும் டிரைவர்களும் எந்த நிலையில் இருந்தனவோ, அந்த நிலை அப்படியே டிஸ்க்கில் எழுதி வைக்கப்படும். மறுநாள் ஆன் செய்ததும் அதை எடுத்து நினைவகத்தில் போட்டுக்கொள்கிறது. சீக்கிரம் எழுந்துவிடுவதன் ரகசியம் இதுதான். நேற்று முரண்டு பிடித்த வைஃபை டிரைவரும் அதே முரண்டோடு எழுந்து வரும்.

ரீஸ்டார்ட் அப்படி இல்லை. அது எல்லாவற்றையும் துடைத்துவிட்டுத் தொடக்கத்திலிருந்து வருகிறது. பிரின்டர் பேசவில்லை, ப்ளூடூத் காணவில்லை, சத்தம் வரவில்லை என்றால் ஷட் டவுன் செய்து பயனில்லை, ரீஸ்டார்ட் கொடுங்கள். சந்தேகம் இருப்பவர்கள் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறந்து, சிபியு-வின் கீழே ‘அப் டைம்’ என்று இருப்பதைப் பார்க்கலாம். தினமும் அணைத்து வைக்கும் லேப்டாப், பல நாட்களாகத் தொடர்ந்து ஓடுவதாகக் கணக்குக் காட்டும். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுத்தால், பழைய காலத்து முழுமையான ஷட் டவுன் நடக்கும்.

அடுத்தது பேட்டரி. ‘சுத்தமா இறங்குன பிறகுதான் சார்ஜ் போடணும்’ என்ற வாக்கியத்தைக் கேட்காத லேப்டாப்காரர் இருக்க முடியாது. இதன் ஊர் நிக்கல்-காட்மியம் பேட்டரி. அந்த வகையைப் பாதியிலேயே திரும்பத் திரும்பச் சார்ஜ் செய்தால் மின்னழுத்தம் முன்கூட்டியே சரிந்துவிடும். மீதிக் கொள்ளளவைப் பேட்டரி மறந்துவிட்டதுபோல் தெரியும். முழுதாக இறக்கி ஏற்றினால் சரியாகும். ஆனால் 1991-இல் சோனி நிறுவனம் லித்தியம் அயனி பேட்டரியை விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகு, லேப்டாப்புகள் மெல்ல மெல்ல அதற்கு மாறிவிட்டன. அதை உருவாக்கியதற்காக ஜான் குட்எனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ மூவருக்கும் 2019-இல் வேதியியல் நோபல் கிடைத்தது. குட்எனஃபுக்கு அப்போது 97 வயது. நோபல் பெற்றவர்களிலேயே மூத்தவர் அவர்தான்.

இந்த பேட்டரிக்குள் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஒரு பக்கம் கிராஃபைட் அடுக்குகள், இன்னொரு பக்கம் கோபால்ட் போன்ற உலோகங்களின் ஆக்சைடு அடுக்குகள், நடுவே ஓர் எலக்ட்ரோலைட் திரவம். சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் ஆக்சைடிலிருந்து புறப்பட்டுக் கிராஃபைட்டுக்குள் போய் உட்காரும்; பயன்படுத்தும்போது திரும்பி வரும். எந்த நிலையில் சார்ஜ் போட்டாலும் அவற்றுக்கு ஒன்றுதான். ஆக, முழுதாக இறக்குவதால் லாபமில்லை. அடிக்கடி சுத்தமாக இறக்கினால் பேட்டரியின் ஆயுள்தான் குறையும். சதவீதக் கணக்கு தப்பாகக் காட்டும் லேப்டாப்பை எப்போதாவது ஒருமுறை முழுதாக இறக்கி ஏற்றலாம். அது பேட்டரிக்காக அல்ல, அளந்து காட்டும் மின்சுற்று கணக்கைச் சரிசெய்துகொள்ள.

‘எப்பவும் சார்ஜ்ல போட்டா ஓவர் சார்ஜ் ஆயிடும்’ என்பதும் பாதி உண்மைதான். நூறு சதவீதம் ஆனதும் மின்சுற்று தானே நிறுத்திக்கொள்ளும், கூடுதலாக ஏற்றாது. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. முழுதாக ஏறிய செல்லின் மின்னழுத்தம் சுமார் 4.2 வோல்ட். அந்த உச்சத்திலேயே நாட்கணக்கில் நின்றால் எலக்ட்ரோலைட் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதையத் தொடங்கும். கிராஃபைட்டின் மேல் படியும் படலம் தடித்துக்கொண்டே போய், வேலை செய்ய வேண்டிய லித்தியத்தை விழுங்கும். சூடு சேர்ந்தால் இது வேகம் பிடிக்கும். பல வேதிவினைகள் 10 டிகிரி செல்சியஸ் கூடினால் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாக நடக்கும் என்பது பள்ளிப் பாடம். சித்திரை வெயிலில், ஃபேன் மட்டும் சுற்றும் அறையில், நாள் முழுக்கச் சார்ஜரில் மாட்டி நூறு சதவீதத்திலேயே நிற்கும் லேப்டாப் இந்த இரண்டு தண்டனைகளையும் ஒருசேர அனுபவிக்கிறது.

இதற்கு மருந்து லேப்டாப்பிலேயே இருக்கிறது, தேடுகிறவர்கள்தான் குறைவு. லெனோவா, ஆசஸ், டெல், எச்பி முதலிய நிறுவனங்களின் பல மாடல்களில், சார்ஜை 80 சதவீதத்தின் பக்கத்தில் நிறுத்தும் வசதி உண்டு. சிலவற்றில் நிறுவனத்தின் செயலியில் இருக்கும், சிலவற்றில் பயாஸ் அமைப்புக்குள் இருக்கும். மேசையை விட்டு நகராத லேப்டாப்புக்கு அதைப் போட்டுவிடுங்கள். வெளியூர் போகும் முந்தின நாள் எடுத்துவிட்டு முழுதாக ஏற்றிக்கொள்ளலாம். மாதக்கணக்கில் பயன்படுத்தாமல் வைப்பதானால், பாதி சார்ஜில் அணைத்து, வெப்பம் குறைந்த இடத்தில் வைப்பது நல்லது. புது பேட்டரி வாங்கச் சொல்கிறார்களா? விண்டோஸின் கமாண்ட் ப்ராம்ப்ட்டில் பேட்டரி ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். உருவாக்கியபோது இருந்த கொள்ளளவையும் இன்று முழுதாக ஏறும் அளவையும் மில்லிவாட்-மணியில் பக்கம் பக்கமாகக் காட்டும். கடைக்காரர் சொல்வதைவிட அந்த இரண்டு எண்கள் நம்பத் தகுந்தவை.

பேட்டரி சிதையும்போது உள்ளே வாயு உண்டாகிறது. டச்பேட் அழுந்த மறுப்பது, மூடி சரியாக மூடாமல் இடைவெளி விடுவது, சமமான மேசையிலும் லேப்டாப் ஆடுவது ஆகியவை பேட்டரி உப்பியிருப்பதன் அடையாளங்களாக இருக்கலாம். ‘கொஞ்ச நாள் ஓட்டிக்கலாம்’ என்பது இதில் மட்டும் கூடாது. சார்ஜரைக் கழற்றி, அணைத்து, கடைக்குக் கொண்டுபோக வேண்டும். அமுக்கிப் பார்ப்பதும், ஊசியால் குத்திக் காற்றை வெளியேற்றுவதும் தீயைக் கூப்பிடும் வேலை. பழைய பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போடவும் கூடாது. பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், 2022 என்று இந்தியாவில் ஒரு சட்ட ஏற்பாடே இருக்கிறது. பயன்படுத்தி முடித்தவற்றைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பை அது தயாரிப்பாளர்கள் மேல் வைத்திருக்கிறது.

வெப்பம் பேட்டரியோடு நிற்பதில்லை. லேப்டாப் ‘ஸ்லோ’ என்ற புகாரிலும் பல நேரம் அதற்குப் பங்கு உண்டு. புராஸசர் சில்லு நகத்தளவே இருக்கும்; வெப்பம் அந்தச் சின்ன இடத்தில் பிறக்கிறது. அதை வெளியே கொண்டுபோவது ஒரு தட்டையான செப்புக் குழாய். திறந்து பார்த்தவர்கள் அதைக் கெட்டியான செப்புக் கம்பி என்று நினைப்பார்கள். உள்ளே காற்று நீக்கிய வெற்றிடமும் சில துளி நீரும் இருக்கின்றன. அழுத்தம் குறைவாக இருப்பதால் நீர் 100 டிகிரிக்கு வெகு முன்பே ஆவியாகிவிடும். சில்லின் மேல் இருக்கும் முனையில் ஆவியாகி, காற்றாடி பக்கத்து முனைக்குப் பாய்ந்து, அங்கே குளிர்ந்து நீராகிறது. இட்லிக் குண்டானின் மூடியில் ஆவி பட்டு முத்து முத்தாகச் சொட்டுவதும் இதுவேதான். மூடியில் பட்ட நீர் விழுவதற்கு ஈர்ப்பு வேண்டும், இங்கே குழாயின் உள்சுவரில் உள்ள நுண்துளைப் படலம் நீரை உறிஞ்சித் திருப்பிக் கொண்டுவருகிறது. அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் 1963-இல் ஜார்ஜ் குரோவர் செய்து காட்டியது இந்தக் குழாய். விண்வெளிக் கலங்களில் பயன்பட்ட பொருள்தான் இன்று மடியில் உட்கார்ந்திருக்கிறது.

அந்தக் குழாயின் மறுமுனையில் மெல்லிய உலோகத் தகடுகள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கும். காற்றாடி அவற்றின் வழியே காற்றைத் தள்ளும். நம் ஊர்ப் புழுதியும் தலைமுடியும் துணி நூலும் வந்து நிற்கும் இடம் இதுதான். ஒன்றிரண்டு ஆண்டுகளில் தகடுகளுக்கு முன்னால் கம்பளம்போல் ஒரு தூசிப் படலம் கட்டிவிடும். காற்றாடி பேய்க்கூச்சல் போட்டாலும் காற்று வெளியே வராது. புராஸசரின் வெப்பம் 100 டிகிரியை நெருங்கும்போது, அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. நாம் வைரஸ் என்று நினைத்து ஆன்டிவைரஸ் வாங்குவோம்; அல்லது எல்லாவற்றையும் அழித்து ஓ.எஸ். போடச் சொல்வோம். உள்ளே இருப்பது தூசி.

கண்டுபிடிப்பது சுலபம். ஆன் செய்த முதல் பத்து நிமிடம் நன்றாக ஓடிவிட்டுப் பிறகு தடுமாறுகிறது, காற்று வரும் துவாரத்தில் கை வைத்தால் கொதிக்கும் காற்று மெலிதாக வருகிறது என்றால் தூசியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அணைத்து, சார்ஜரைக் கழற்றிவிட்டு, காற்றடிக்கும் ப்ளோயரால் சுத்தம் செய்யலாம். அப்போது ஒரு குச்சியால் காற்றாடியைச் சுற்றவிடாமல் பிடித்துக்கொள்வது முக்கியம். வெளிக்காற்றில் அது அளவுக்கு மீறிச் சுழன்றால் பேரிங் போய்விடும். மோட்டார் டைனமோவாக மாறி எதிர்த்திசையில் மின்சாரத்தை அனுப்பவும் வாய்ப்புண்டு. சில ஆண்டுகள் ஆன லேப்டாப் என்றால், சில்லுக்கும் குழாய்க்கும் நடுவே உள்ள தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும். சர்வீஸில் அதையும் மாற்றச் சொல்லுங்கள்.

கட்டிலில், தலையணை மேல் வைத்து வேலை செய்வதைப் பற்றிப் பலரும் சொல்லியாகிவிட்டது. காற்றை உள்ளே இழுக்கும் துவாரம் பெரும்பாலும் அடிப்பக்கத்தில்தான் இருக்கிறது. மெத்தை அதை அடைத்துவிடும். பெயரில் மடி இருந்தாலும் தொடை மேல் வெறுமனே மணிக்கணக்கில் வைக்கக் கூடாது. தொடர்ந்து சூடு பட்ட இடத்தில் வலைபோல் கருமை படரும் ஒரு தோல் பாதிப்பை மருத்துவ இதழ்கள் லேப்டாப் பயன்படுத்துவோரிடமும் பதிவு செய்திருக்கின்றன. ஒரு பலகை போதும்.

இனி, வீட்டுக்கு வீடு வரும் ஒரு கேள்வி: ‘சார்ஜ் போட்டுக்கிட்டே தொட்டா ஷாக் அடிக்குது, ஆபத்தா?’ உலோக உடம்பு கொண்ட லேப்டாப்பில் மணிக்கட்டு பட்டால் சுர்ரென்று ஓர் உணர்வு. டெஸ்டரை வைத்தால் பல்பு லேசாக எரியும். பல நேரம் இது பழுது அல்ல. சார்ஜர் அடாப்டர், வீட்டு மின்சாரத்தை வினாடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டித்தான் 19 அல்லது 20 வோல்ட்டாக மாற்றுகிறது. அப்போது எழும் மின் இரைச்சல் வானொலி முதலியவற்றைத் தொந்தரவு செய்யாமல் இருக்க, உள்வரும் பக்கத்தையும் வெளியேறும் பக்கத்தையும் ஒரு குட்டிக் கபாசிட்டரால் இணைத்திருப்பார்கள். அதன் வழியே மிகமிகச் சிறிய மின்னோட்டம் கசியும். எர்த் இருந்தால் அந்தக் கசிவு அதில் இறங்கிவிடும். இல்லையென்றால் லேப்டாப்பின் உடம்பு, வீட்டு மின்னழுத்தமான 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதியில் மிதந்துகொண்டிருக்கும். வோல்ட்டைக் கேட்டால் பயமாக இருக்கும். மின்னோட்டமோ நல்ல அடாப்டரில் ஒரு மில்லிஆம்பியருக்கும் கீழே.

ஆக, கவனிக்க வேண்டியது எர்த்தை. மூன்று முள் ப்ளக்கை இரண்டு முள்ளாக மாற்றும் கன்வர்ட்டரில் மாட்டுவது, தடித்த முள்ளை உடைத்துவிடுவது இரண்டும் நம் ஊரில் சர்வ சாதாரணம். சில வீடுகளில் ப்ளக் பாயின்ட்டில் மூன்று ஓட்டை இருக்கும், பின்னால் எர்த் ஒயரே இருக்காது. எலக்ட்ரீஷியனிடம் ஒருமுறை பார்க்கச் சொல்லிவிடுங்கள். அது வாஷிங் மெஷினுக்கும் நல்லது. சுர்ரென்ற உணர்வைத் தாண்டி, கையை உதறும் அளவுக்கு அடித்தால் அது வேறு கதை. அந்த அடாப்டரை அப்போதே ஒதுக்கிவிட வேண்டும். விலை மலிவான போலி அடாப்டர்கள் பலவற்றில் மின்சாரம் உள்வரும் பக்கத்துக்கும் வெளியேறும் பக்கத்துக்கும் நடுவே போதிய காப்பு இருப்பதில்லை.

அடுத்த புகார், லேப்டாப் ஆன் ஆகவே இல்லை என்பது. அடாப்டரில் விளக்கு எரிகிறது, பொத்தானை அழுத்தினால் அசைவில்லை. மதர்போர்டு போச்சு என்று யாராவது சொல்வதற்கு முன், சார்ஜரைக் கழற்றி, பேட்டரி கழலும் வகை என்றால் அதையும் கழற்றி, பவர் பொத்தானை 30 வினாடி தொடர்ந்து அழுத்திப் பிடியுங்கள். பிறகு சார்ஜரை மட்டும் போட்டு ஆன் செய்யுங்கள். மந்திரம் மாதிரி இருக்கும், ஆனால் காரணம் உண்டு. லேப்டாப் அணைந்திருக்கும்போதும் உள்ளே ‘எம்பெடட் கன்ட்ரோலர்’ என்ற ஒரு சின்னச் சில்லு விழித்திருக்கும். பவர் பொத்தான், சார்ஜ், காற்றாடி எல்லாம் அதன் கைப்பிடியில். மின்சாரம் ஏறி இறங்கும்போது அது குழம்பி நின்றுவிடுவதுண்டு. எஞ்சிய மின்னூட்டம் முழுதும் வடிந்தால் அது மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

காற்றாடி சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பு என்றால், இருட்டில் ஒரு டார்ச்சைத் திரையின் மேல் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் போனது பின்விளக்கோ அதற்கான இணைப்போதான். கம்ப்யூட்டர் நன்றாக இருக்கிறது. டிவியோடு எச்டிஎம்ஐ கேபிளில் இணைத்துப் பார்ப்பதும் அதே சோதனைதான்.

பேய் பிடித்ததுபோல் தோன்றும் சில கோளாறுகளுக்கும் காரணம் எளிது. வேலை செய்துகொண்டிருக்கும்போதே திரை திடீரென அணைகிறதா? விசைப்பலகைக்குப் பக்கத்தில் காந்த மூடியுள்ள மொபைல் உறை இருக்கிறதா பாருங்கள். மூடியை மூடினால் லேப்டாப் தூங்குவதற்குக் காரணம், மூடியில் ஒரு காந்தமும் அடியில் அதை உணரும் சென்சாரும் இருப்பதுதான். 1879-இல் எட்வின் ஹால் கண்டறிந்த விளைவு அது. எந்தக் காந்தம் வந்தாலும் மூடி மூடியதாகவே அது நம்பும். யுஎஸ்பி 3.0 எக்ஸ்டர்னல் டிஸ்க்கை மாட்டியதும் வைஃபை தடுமாறினால் அதிலும் மர்மமில்லை. அந்தக் கேபிளில் பாயும் தரவு 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில் ரேடியோ இரைச்சலை உண்டாக்குவதை இன்டெல் நிறுவனமே 2012-இல் விளக்கி வெளியிட்டது. டிஸ்க்கைத் தள்ளி வையுங்கள், அல்லது 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாறுங்கள். விசைப்பலகை திடீரென்று சோம்பேறியாகிவிட்டால், வலது ஷிஃப்ட்டை 8 வினாடி அழுத்திப் பாருங்கள். யோசனையில் அதன் மேல் விரலை வைத்திருந்ததில் ‘ஃபில்டர் கீஸ்’ வசதி தானாக இயங்கியிருக்கலாம். எல்லா இணையதளமும் பாதுகாப்பற்றது என்று எச்சரிக்கை வந்தால் கடிகாரத்தைப் பாருங்கள். தேதி பல ஆண்டுகள் பின்னால் போயிருந்தால், மதர்போர்டில் கடிகாரத்தை ஓட்டும் நாணய பேட்டரி தீர்ந்திருக்கக்கூடும்.

டீ கொட்டிவிட்டதா? அரிசி மூட்டைக்குள் புதைக்காதீர்கள். உள்ளே போன ஈரத்தை வெளியிலிருந்து இழுக்கும் சக்தி அரிசிக்கு இல்லை. அதன் மாவுதான் துவாரங்களில் போய் அடையும். கெடுப்பது நீர் மட்டுமல்ல. நீரும் உப்பும் மின்சாரமும் சேரும்போதுதான் செப்புத் தடங்கள் கரைந்து, பக்கத்துத் தடத்தை நோக்கி இழையாக வளர்ந்து ஷார்ட் ஆகின்றன. ஆகவே, சார்ஜரைப் பிடுங்கி, பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்து, கூடாரம்போல் விரித்துக் கவிழ்த்து வைத்துவிட்டு, அன்றைக்கே கடைக்குக் கொண்டுபோய் பேட்டரியைத் துண்டிக்கச் சொல்ல வேண்டும். ‘வேலை செய்யுதா பாப்போம்’ என்று ஆன் செய்வதுதான் பல லேப்டாப்புகளைக் கொன்றிருக்கிறது. காய்ந்தால் போதும் என்றும் இருக்க முடியாது. பாலும் சர்க்கரையும் உள்ளேயே இருக்கும்.

பழைய லேப்டாப்பைத் தூக்கிப்போட நினைப்பவர்களுக்கு ஒன்று. தமிழக அரசு 2011-இல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தின் ஆரம்ப ஆண்டுகளில் மாணவர்களுக்குக் கிடைத்தவை ஹார்டு டிஸ்க் கொண்டவை. அக்காலத்து லேப்டாப் பலவற்றின் டிஸ்க் நிமிடத்துக்கு 5,400 சுற்றுச் சுற்றும்; ஒரு சுற்றுக்கு 11 மில்லிவினாடி. ஒரு கோப்பைத் தேடித் தலை நகர்ந்து, தட்டு சுற்றி வந்து சேரும் வரை புராஸசர் சும்மா காத்திருக்கும். எஸ்எஸ்டியில் சுழலும் பாகமே இல்லை. ஒரு மில்லிவினாடியில் சிறு பங்குக்குள் தேடியது கிடைத்துவிடும். ஒரு சாட்டா எஸ்எஸ்டி போட்டால் அந்த லேப்டாப் வேறொரு லேப்டாப் ஆகிவிடும். என் கணக்கில் லேப்டாப்புக்குச் செய்யும் செலவில் இதைவிடப் பயனுள்ளது கிடையாது. எஸ்எஸ்டி போட்ட பிறகு ‘டிஃப்ராக்மென்ட்’ செய்யும் பழைய வழக்கத்தை விட்டுவிடலாம். அது சுழலும் டிஸ்க்குக்கான வைத்தியம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதால், விண்டோஸ் 11 ஏற்காத பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டு ஓட்டுவதையும் யோசிக்கலாம்.

எஸ்எஸ்டிக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. ஹார்டு டிஸ்க் சாகும் முன் டிக் டிக் என்று முனகி எச்சரிப்பதுண்டு. எஸ்எஸ்டி பல நேரம் சத்தமில்லாமல், ஒரே நாளில், மொத்தமாகப் போய்விடும். கடையில் லேப்டாப்பைக் கொடுக்கும்போது எழுதித் தரும் ரசீதிலும் ‘தரவுக்கு நாங்கள் பொறுப்பல்ல’ என்ற வரி இருப்பது வழக்கம். எனவே இதைப் படித்து முடித்த கையோடு, குழந்தைகளின் படங்களையும் சான்றிதழ்களின் நகல்களையும் வேறொரு டிஸ்க்கில் ஒரு பிரதி எடுத்து வைத்துவிடுங்கள்.